பூண்டு விற்ற காசும் வெந்நீர்த் தொட்டியும்

கொடைக்கானல் மேல்மலைக் கிராமங்களில் மார்கழி, தை மாதங்களில் விடியற்காலைத் தண்ணீரில் கை வைத்தால் விரல் மரத்துப்போகும். புல்வெளியில் உறைபனி உப்புத் தூவியதுபோல் கிடக்கும். பூம்பாறைப் பக்கம் இரண்டு ஏக்கரில் பூண்டும், கேரட்டும், உருளைக்கிழங்கும் போடும் ஒரு குடும்பத்தில், அந்த நேரத்தில் முதலில் எழுவது வீட்டம்மாதான். நாலரை மணிக்கு எழுந்து, முற்றத்தில் மூன்று கல் கூட்டி, பெரிய செப்பு அண்டாவை ஏற்றி, தைல மர விறகைப் பற்றவைத்தால் ஆறு மணிக்குத்தான் தண்ணீர் கொதிக்கும். ஐந்து பேர் குளிக்க வேண்டும். கறவை மாட்டுக்கு மடி கழுவ வெதுவெதுப்பான தண்ணீர் வேண்டும். பாத்திரம் துலக்கவும் வேண்டும். பனியில் ஈரமான விறகு எரிவதைவிடப் புகைவதே அதிகம். ஊதி ஊதிக் கண் சிவந்துபோய்த்தான் அந்த அம்மாவுக்குப் பொழுது விடியும்.

போன தை மாதம், அண்டாவிலிருந்து வாளியில் மொண்டு குளியலறைக்குத் தூக்கிப்போன மாமியார் வழுக்கினார். கொதித்த தண்ணீர் வலது காலில் கொட்டியது. எழுபது வயதைத் தாண்டியவர். புண் ஆற இரண்டு மாதம் ஆயிற்று. அந்த இரண்டு மாதமும் அவர் வாய்விட்டு ஒன்றும் குறை சொல்லவில்லை. மகன்தான் அந்தக் காலைப் பார்க்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்தப் போகத்தில் பூண்டு நல்ல விலைக்குப் போனது. கடன் அடைத்தது போக, கையில் 40,000 ரூபாய் நின்றது. பழைய மருந்தடிக்கும் இயந்திரத்தை மாற்ற வேண்டும் என்று ஆறு மாதமாக நினைத்திருந்தார் அவர். வீட்டம்மா அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாள் இரவு சாப்பாடு போட்டுக்கொண்டே, "என்னங்க, மருந்து மிஷினு இன்னும் ஒரு வருஷம் ஓடாதா?" என்று மட்டும் கேட்டார். அவருக்குப் புரிந்துவிட்டது.

பாய்லர் கிடைத்தது, தொட்டி எங்கே?

பாய்லர் எளிதாகக் கிடைத்தது. வீட்டம்மாவின் அண்ணன் கொடைக்கானல் டவுனில் வீட்டை இடித்துக் கட்டியபோது, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்த விறகு பாய்லர் ஒன்றைக் கழற்றிவைத்திருந்தார். "சும்மா கிடக்கு மாப்ளே, எடுத்துட்டுப் போங்க" என்று கொடுத்துவிட்டார். இரட்டைச் சுவர் கொண்டது அது. நடுவில் தீ எரியும், சுற்றிலும் தண்ணீர் நிற்கும், மேலே புகைபோக்கி. ஆனால் அதன் வயிற்றில் கொள்ளும் தண்ணீர் 25 லிட்டர்தான்.

இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். கரண்டு ஹீட்டரில் தண்ணீர் சுட்டதும் தானே அணைந்துவிடும். விறகுத் தீ அப்படி அணையாது. 25 லிட்டர் சீக்கிரமே கொதித்துவிடும். அதற்குப் பிறகும் எரியும் விறகின் சூடு புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போகும், அல்லது ஆவியாகி வீணாகும். எரிகிற வரைக்கும் வருகிற சூட்டை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ள ஒரு பெரிய பாத்திரம் வேண்டும். அதுதான் வெந்நீர்த் தொட்டி. பாய்லர் அடுப்பு என்றால் தொட்டி களஞ்சியம். களஞ்சியம் சரியில்லாவிட்டால் எவ்வளவு விளைந்தும் பயனில்லை.

எத்தனை லிட்டர்?

ஊரில் ஒருவர், "500 லிட்டரா வாங்கிப் போடுப்பா. நாளைக்கு டூரிஸ்ட்டுக்கு ரூம் விட்டாலும் ஆகும்" என்றார். இன்னொருவர் 100 லிட்டரே போதும் என்றார். முடிவு செய்தது பிளஸ் ஒன் படிக்கும் மகள். நோட்டை எடுத்துக்கொண்டு அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

ஒருவர் குளிக்க 40 டிகிரிச் சூட்டில் 20 லிட்டர் தண்ணீர் போதும். அவர்கள் வீட்டுக் குழாயில் குளிர்காலத்தில் வரும் தண்ணீர் 12 டிகிரி. தொட்டியில் 60 டிகிரியில் வெந்நீர் இருந்தால், 12 லிட்டர் வெந்நீரோடு 8 லிட்டர் பச்சைத் தண்ணீர் கலந்தால் குளிக்கிற பதம் வந்துவிடும். ஐந்து பேருக்கு 60 லிட்டர் வெந்நீர். மாட்டுக்கும் பாத்திரத்துக்கும் 40 லிட்டர். மொத்தம் 100. மழையில் நனைந்து வயலிலிருந்து வரும் நாளில் சாயங்காலம் கை கால் கழுவ 50 லிட்டர் கூட்டிக்கொண்டால் 150. தொட்டியில் அடி வரைக்கும் ஒரே சூடு இருக்காது என்பதால் கொஞ்சம் கூடுதலாக 200 லிட்டர் தொட்டி. அதற்கு மேல் அந்த வீட்டுக்குத் தேவையில்லை.

500 லிட்டர் வாங்கினால் என்ன கெட்டுப்போகும்? சின்ன பாய்லரின் சூடு அவ்வளவு தண்ணீரிலும் பரவி, ஒரு வேளைத் தீயில் எல்லாம் வெதுவெதுப்பாக நிற்குமே தவிர வெந்நீராகாது. வெதுவெதுப்பான தண்ணீர் நாள்கணக்கில் தேங்கினால் அதில் நோய்க்கிருமிகள் பெருகும். 60 டிகிரி வரை சூடேற்றி, அன்றாடம் செலவழித்துப் புதுத்தண்ணீர் ஏறுவதுதான் நல்லது. தொட்டி பெரிதாகப் பெரிதாக வெளிப்பரப்பும் கூடும். இரவில் இழக்கும் சூடும் கூடும்.

விறகுக் கணக்கையும் மகளே போட்டாள். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்ற ஒரு கிலோ கலோரி. 150 லிட்டரை 12-லிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற 7,200 கிலோ கலோரி. கரண்டில் சுட வைத்தால் ஏறக்குறைய எட்டரை யூனிட். நன்றாகக் காய்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் 3,500 கிலோ கலோரி இருக்கிறது. மூன்று கல் அடுப்பில் அண்டா வைத்தால் அதில் ஏழில் ஒரு பங்குதான் தண்ணீருக்குள் போகும் என்று வைத்துக்கொண்டாள். அப்படியானால் கிட்டத்தட்ட 14 கிலோ விறகு வேண்டும். பாய்லரில் பாதி போகிறது என்றால் 4 கிலோவுக்குச் சற்று மேலே போதும்.

"அப்பா, தினம் பத்து கிலோ மிச்சம்" என்றாள்.

"விறகு காஞ்சிருந்தா" என்றார் அப்பா.

அவர் சொன்னது சரி. புதிதாக வெட்டிய விறகின் எடையில் பாதி தண்ணீர்தான். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே ஒரு பங்கு சூடு போய்விடும். அதனால் கிலோவுக்குக் கிடைக்கும் சூடு ஏறக்குறைய பாதியாகிவிடும். மிச்சத்தைப் புகையும், புகைபோக்கியில் படியும் கரிப்பிசினும் தின்றுவிடும். கோடையில் பிளந்து, தகரக் கூரையின் கீழ் காற்றோட்டமாக அடுக்கிய விறகே குளிர்காலத்துக்கு உதவும். அவர்கள் எடுப்பது சொந்தப் பட்டா நிலத்து வரப்பில் நிற்கும் வாட்டில், தைல மரக் கிளைகள். வனத்துறைக் காட்டுக்குள் அனுமதியில்லாமல் விறகு வெட்டுவது குற்றம். அந்த வம்பு அவர்களுக்கு வேண்டியதில்லை.

எந்தத் தொட்டி?

முதலில் பார்த்தது பழைய இரும்புக் கடையில் கிடந்த 200 லிட்டர் பேரல். விலை மலிவு. ஆனால் உள்ளே என்ன இருந்தது என்று கடைக்காரருக்கே தெரியவில்லை. எண்ணெயோ, ரசாயனமோ, பூச்சிமருந்தோ இருந்த பேரலை எத்தனை முறை கழுவினாலும் குளிக்கும் தண்ணீருக்கு வைக்கக் கூடாது. மெல்லிய தகடு என்பதால் வெந்நீரில் சீக்கிரம் துருவும் ஏறிவிடும். அதை அங்கேயே விட்டுவிட்டார்.

அடுத்தது மாடியில் வைக்கும் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி. பச்சைத் தண்ணீருக்கென்று செய்தது அது. வெந்நீர் நின்றால் இளகும், வயிறு புடைக்கும், குழாய் சேரும் இடத்தில் விட்டுப்போகும். வெள்ளை பி.வி.சி. குழாயும் அப்படித்தான். வெந்நீருக்கு சி.பி.வி.சி. குழாய் உண்டு. ஆனால் அதையும் விறகு பாய்லரின் வாயிலேயே நேராகச் சேர்க்கக் கூடாது. தீ கூடினால் அங்கே தண்ணீர் கொதிநிலையைத் தொட்டுவிடும். பாய்லருக்கும் தொட்டிக்கும் இடையே உலோகக் குழாய்தான். தொட்டிக்குப் பிறகு குளியலறைக்குப் போகிற பாதையில் சி.பி.வி.சி. போடலாம்.

பக்கத்துத் தோட்டத்தில் ஒருவர் ஜி.ஐ. தகட்டில் தொட்டி செய்து, செப்புக் குழாய்ச் சுருளில் தண்ணீரைச் சுட வைத்தார். கொஞ்ச நாளிலேயே தொட்டியின் அடியில் குண்டூசித் துளைகள் விழுந்தன. செம்பைத் தொட்டுவரும் தண்ணீர் துத்தநாகப் பூச்சை அரிக்கும். சூடு கூடினால் அரிப்பும் வேகமாகும். செம்பையும் ஜி.ஐ.யையும் ஒரே வெந்நீர்ப் பாதையில் சேர்க்கக் கூடாது என்பதை அந்தத் தொட்டி சொல்லிவிட்டது.

மிஞ்சியது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதிலும் தரம் உண்டு. 304 என்ற தரம் துருவை நன்றாகத் தாங்கும். 202 என்பது விலை குறைவு, தாங்குவதும் குறைவு. கடையில் காந்தத்தை வைத்துப் பார்த்து, "ஒட்டலையே, அசல்தான்" என்பார்கள். இரண்டிலுமே காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. ஆகவே அந்தச் சோதனை உதவாது. தரத்தைப் பில்லில் எழுதி வாங்குவதுதான் வழி. தரைக்காட்டில் உப்புத் தண்ணீர்க் கிணறு உள்ளவர்களுக்கு இன்னொரு கவனம் வேண்டும். உவர்த்தண்ணீர் சூடானால் 304-ஐயும் பற்றுவைத்த இடங்களில் அரிக்கும். கடினத் தண்ணீர் என்றால் பாய்லரின் உள்சுவரில் சுண்ணாம்பு படியும். மலைத் தண்ணீரில் அந்தத் தொல்லை குறைவு.

புதிய தொட்டியின் விலையைக் கேட்டதும் அவருக்குத் தயக்கம் வந்தது. அப்போதுதான் மைத்துனர் ஒரு சேதி சொன்னார். டவுனில் ஒரு லாட்ஜில் சூரிய வெந்நீர்க் கருவி பழுதாகிக் கிடந்தது. உறைபனி இரவில் மாடித் தகட்டுக்குள் இருந்த தண்ணீர் உறைந்து, விரிந்து, செப்புக் குழாய்கள் வெடித்துவிட்டன. தொட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. 200 லிட்டர், உள்ளே 304, சுற்றிலும் இரண்டு அங்குல பஃப் பஞ்சு, மேலே தகடு. எல்லாம் பெயர்ப்பலகையிலேயே இருந்தது. தகட்டு வகைக் கருவி என்பதால் தண்ணீர் வரவும் போகவும் குழாய் வாய்களும் தயாராக இருந்தன. கண்ணாடிக் குழாய் வகையாக இருந்திருந்தால் தொட்டியில் வரிசையாக ஓட்டைகள் இருக்கும், அவற்றை அடைப்பதே பெரும் வேலை.

வாங்கும் முன் ஒரு காரியம் செய்தார். அங்கேயே தண்ணீர் நிரப்பி ஒரு நாள் விட்டார். ஒழுகவில்லை. தட்டிப் பார்த்து, வெளித்தகடு எங்கும் ஈரம் காணவில்லை என்று உறுதிசெய்தார். பஃப் பஞ்சுக்குள் தண்ணீர் இறங்கியிருந்தால் சூட்டைப் பிடிக்கும் குணம் போய்விடும். புதிய தொட்டியின் விலையில் பாதிக்கும் குறைவாக முடிந்தது.

எங்கே வைப்பது?

பாய்லரைக் குளியலறைக்குள்ளேயே வைத்தால் அறையும் கதகதப்பாக இருக்கும் என்று மைத்துனர் சொன்னார். அது ஆபத்து. மூடிய அறையில் விறகோ கரியோ எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. மயக்கம் வருவது தெரியும் முன்பே ஆளைச் சாய்த்துவிடும். ஆகவே பாய்லர் குளியலறைச் சுவருக்கு வெளியே, தகரத்தின் கீழ் உட்கார்ந்தது.

தொட்டியைப் பரணில் ஏற்றலாம் என்றது இன்னொரு யோசனை. தண்ணீர் நிரம்பிய தொட்டி 240 கிலோ வரும். பூண்டு மூட்டை தாங்கும் பலகை அதைத் தாங்காது. வெளியே கான்கிரீட் அடித்து, ஆங்கிள் இரும்பில் தாங்கி செய்து அதில் வைத்தார்கள். பாய்லரின் தலைக்கு ஓர் அடி மேலே தொட்டியின் அடிப்பாகம் வருமாறு அமைத்தார்கள்.

மோட்டார் இல்லாமலே தண்ணீர் சுற்றி வருவது இந்த உயரத்தால்தான். சூடான தண்ணீர் லேசாகி மேலே ஏறும். குளிர்ந்த தண்ணீர் கனத்து கீழே இறங்கும். பாய்லரின் மேல்வாயிலிருந்து தொட்டியின் மேல்பாகத்துக்கு ஒரு குழாய். தொட்டியின் அடியிலிருந்து பாய்லரின் கீழ்வாய்க்கு ஒரு குழாய். இரண்டும் குறைந்தது ஓர் அங்குலம். மேலே போகும் குழாய் வழி முழுக்க ஏற்றமாகவே போக வேண்டும். நடுவில் ஓரிடத்தில் வளைந்து இறங்கினாலும் அங்கே காற்று அடைத்து ஓட்டம் நின்றுவிடும். பச்சைத் தண்ணீர் தொட்டியின் அடியில் நுழையும், வெந்நீர் தொட்டியின் உச்சியிலிருந்து குளியலறைக்குப் போகும்.

குக்கருக்கு விசில் உண்டே

வேலை முடியும் நாளில்தான் அது நடந்தது. தொட்டியின் தலையிலிருந்து ஒரு குழாய், பச்சைத் தண்ணீர்த் தொட்டியின் மட்டத்தையும் தாண்டி மேலே போய்த் திறந்த வாயோடு நின்றது. பிளம்பர் இளைஞர் அதைப் பார்த்து, "அண்ணே, இதுல ஆவி போயிட்டே இருக்கும், சூடு வேஸ்ட். ஒரு மூடி போட்டுடுறேன். பாய்லர் லைன்லயும் ஒரு வால்வு வச்சிடலாம், ரிப்பேர்னா அடைச்சிக்கலாம்" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. மகனும் தலையாட்டிவிட்டார்.

திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அம்மா கேட்டார்: "ஏப்பா, குக்கருக்கே ஒரு விசில் வச்சிருக்கான். இம்மாம் பெரிய பானைக்கு எல்லாத்தையும் அடைச்சிட்டா ஆவி எங்கிட்டுப் போகும்?"

பிளம்பர் கையை எடுத்துவிட்டார்.

அந்தக் கேள்வி ஒரு வீட்டைக் காப்பாற்றியது என்றே சொல்லலாம். 200 லிட்டர் தண்ணீர் 12-லிருந்து 60 டிகிரிக்கு ஏறும்போதே 3 லிட்டருக்கு மேல் விரியும். அது போக இடம் வேண்டும். கொதித்து ஆவியானால் ஒரு லிட்டர் தண்ணீர் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கும் மேல் பெருகும். வழியில்லாவிட்டால் பாய்லரோ தொட்டியோ வெடிக்கும். விறகுத் தீயை சுவிட்ச் போட்டு அணைக்க முடியாது. ஆகவே மேலே போகும் காற்றுக் குழாய்க்கு மூடி கூடாது, வால்வு கூடாது. பாய்லருக்கும் தொட்டிக்கும் நடுவிலும் வால்வு கூடாது. எல்லாக் குழாயும் அடைத்த அழுத்தத் தொட்டியாக அமைப்பவர்கள் பாதுகாப்பு வால்வுகளோடு, தெரிந்தவர் கையால்தான் செய்ய வேண்டும். கிராமத்து வீட்டுக்குத் திறந்த தொட்டியே நல்லது.

அந்த வீட்டில் இப்போது ஒரு வழக்கம் இருக்கிறது. தீ மூட்டும் முன் வெந்நீர்க் குழாயைத் திறந்து பார்ப்பார்கள். தண்ணீர் வந்தால்தான் தீக்குச்சி. உறைபனிக் காலையில் குழாய்க்குள் தண்ணீர் உறைந்திருந்தால் அடைப்பு என்று பொருள், அப்போது தீ மூட்டக் கூடாது. வெளியே தெரியும் குழாய்களையெல்லாம் பஞ்சுக் குழல் சுற்றி மூடினார்கள். பாய்லர் வறண்டு சிவந்திருக்கும்போது அதில் பச்சைத் தண்ணீரைத் திறந்துவிடக் கூடாது. தீயை வெளியே இழுத்துவிட்டு, ஆறிய பிறகுதான் தண்ணீர்.

குளியலறையில் வெந்நீர்க் குழாயைச் சின்னவனின் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்தார்கள். 60 டிகிரித் தண்ணீர் சில நொடிகளில் தோலை உரித்துவிடும். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர். இதைச் சின்னவன் இப்போது விருந்தாளிகளுக்கே சொல்லித்தருகிறான்.

புகையும் சாம்பலும்

அம்மாவுக்கு ஒரு மனக்குறை இருந்தது. "புகை எல்லாம் குழாய் வழியா போயிட்டா விதைப்பூண்டு என்னாகிறது?" என்றார். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டைப் புகை படும் இடத்தில் கட்டித் தொங்கவிட்டுப் பாதுகாப்பது மேல்மலை வழக்கம். அவர் கேள்வி நியாயமானது. சமையல் அடுப்பு பழைய இடத்திலேயே இருக்கட்டும், அதன் மேலேதான் விதைப்பூண்டு தொங்கும் என்று முடிவானது. முற்றத்து அடுப்பு மட்டும் ஓய்வு பெற்றது.

பாய்லர்ச் சாம்பலும் வீணாவதில்லை. மரச்சாம்பலில் சாம்பல்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் உண்டு. அமிலத்தன்மை உள்ள மலை மண்ணுக்கு அளவோடு போட்டால் நல்லது. யூரியாவோடு கலந்து போட்டால் தழைச்சத்து ஆவியாகிப் போய்விடும், ஆகவே தனியாகத்தான் தூவ வேண்டும். உருளைக்கிழங்குப் பாத்திக்குச் சாம்பல் வேண்டாம், கிழங்கில் சொறி நோய் கூடும். பூண்டுப் பாத்திக்கும் எருக்குழிக்கும் போகட்டும்.

அடுத்த மார்கழி வந்தது. முதல் நாள் இரவு ஒன்பது மணிக்குத் தொட்டியில் 62 டிகிரி. மகள் தெர்மாமீட்டரோடு ஐந்து மணிக்கு எழுந்து பார்த்தாள், 57. சாயங்காலம் மூட்டிய தீயே காலைக்கும் போதும் என்று தெரிந்தது. அன்று முதல் தீ மூட்டுவது சாயங்கால வேலை, வயலிலிருந்து வந்ததும் அவரே பார்த்துக்கொள்கிறார்.

வீட்டம்மா இப்போது ஆறு மணிக்கு எழுகிறார். மாமியார் யார் துணையும் இல்லாமல் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து குளித்துவிட்டு வருகிறார். செப்பு அண்டாவை மட்டும் அவர் யாருக்கும் கொடுக்கவில்லை. புளி போட்டுத் துலக்கி, அதில் குடிக்கிற தண்ணீர் பிடித்துவைத்திருக்கிறார். தை முடியுமுன் தீர்ந்துவிடும் என்று நினைத்த விறகு அடுக்கு, பங்குனியிலும் பாதி நின்றது.